புதன்கிழமை பத்து இருபது

"அம்மா, நம்ம கூரையில பாடுற அக்கா சாப்பிட்டாங்களா?" என்று லிந்துலையில் நாலு வயது மிலான் கேட்டபோது, அவன் தாய் ஐவி தையல் மெஷினை நிறுத்தாமலே, "சாப்பிட்டிருப்பாங்கப்பா, குரல்ல தெம்பு இருக்கே" என்றாள். பாடுகிறவள் கூரையில் இல்லை. பஸ்ஸில் முக்கால் மணி நேரம் தள்ளி, அக்கரப்பத்தனையில் ஒரு பாடசாலையின் பத்தாந்தர வகுப்பில் நின்றுகொண்டிருந்தாள். பெயர் சுதர்ஷினி. பேசினால் அவள் பேச்சு பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கும். பாடினால் வாய் மட்டும் அசையும். பாட்டு ஐவியின் தோட்டத்து லயக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில் போய் இறங்கும். புதன்கிழமை பத்து இருபதுக்குச் சங்கீத பாடம் என்பதால் அங்கேயும் அதே நேரத்துக்கே பாட்டு வந்தது. மழைக்காலத்தில் மிலானுக்கு வரும் மூச்சிழுப்பு அந்த நாற்பது நிமிஷமும் அடங்கிக் கிடந்தது. ஐவி சிலுவை போட்டுக்கொண்டாள். அதற்கு மேல் விசாரிக்கவில்லை.

சுதர்ஷினிக்கு இது எதுவும் தெரியாது. சங்கீத டீச்சர் மாற்றலாகிப் போய் ஒரு வருஷமாகியும் இன்னொருவர் வரவில்லை, பாடப் புத்தகத்தைப் பார்த்துத் தானே படிக்க வேண்டியிருக்கிறது, படித்ததைப் பாடினால் தன் காதுக்கே கேட்கவில்லை, இவ்வளவுதான் தெரியும். ஸ்வரம் தொண்டைக்குள் நடுங்குவதை உணர்வாள். உதட்டைத் தாண்டியதும் அதைக் காணோம். சினந்து அழுதால் அழுகை மட்டும் நன்றாகக் கேட்டது. தவணைப் பரீட்சையில் அதிபர் ஜீவராஜ் முட்டை போட்டார். "கேக்காத பாட்டுக்கு நான் எப்படிம்மா மார்க் போடுறது? சித்திரத்துக்கு மாறிரு. தாள்ல வரைஞ்சது எங்கயும் பறந்து போகாது" என்றார். "மாற மாட்டேன் சேர். சங்கீதத்துலதான் சித்தியடைவேன்" என்றாள் அவள். பின் வாங்கில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள், "சத்தமா சொல்லு, பாடிறாதே!" என்று சிரித்தார்கள்.

அக்கரப்பத்தனை பஸ்ஸின் கண்டக்டர் சுகந்தன், வாய் மட்டும் அசைக்கும் பிள்ளையின் கதையையும், கூரையில் பாட்டு இறங்கும் வீட்டின் கதையையும் ஒரே பஸ்ஸில் மூன்று மாதம் ஏற்றி இறக்கினான். இரண்டும் ஒன்றுதான் என்று அவனுக்கு உறைத்த அன்று, அரை வழி வரை யாருக்கும் டிக்கெட் கிழிக்க மறந்துபோனான். அடுத்த புதன்கிழமை ஐவி இரண்டு ரொட்டியும் கட்டச் சம்பலும் பொதிந்து அவனிடம் கொடுத்தனுப்பினாள். உள்ளே ஒரு துண்டுக் கடிதம்: "மேல போகையில குரல் கம்மிருச்சும்மா. ரெண்டாவது பாட்டு நல்லா இருந்துச்சு. மகன் தூங்குறான்." சுதர்ஷினி அதை எட்டு முறை வாசித்தாள். ஒரு முறை லிந்துலைக்கே போய் மிலானின் கட்டிலில் உட்கார்ந்து பாடியும் பார்த்தாள். அன்று பாட்டு பொல்பிட்டிய மின்நிலையத்தில் கேட்டதாகப் பிறகு தெரியவந்தது. அதனால் அவள் வகுப்பிலேயே நின்று பாடினாள். ஒன்றரை வருஷம், தவறாமல் ரொட்டியும் கடிதமும் வந்தன. அந்தக் கடிதங்களைத் தவிர அவளுக்கு வேறு காது இருக்கவில்லை.

பதினோராந்தர முடிவில், சாதாரண தரச் செயன்முறைப் பரீட்சைக்கு இரண்டு பரீட்சகர்கள் வந்தார்கள். முதலில் பூச்சியம் போடத்தான் பேனா எடுத்தார்கள். அதிபர் ஜீவராஜ் எழுந்து, பரீட்சார்த்தி சமூகமளிக்க வேண்டும் என்றுதான் விதியில் இருக்கிறது, குரல் சமூகமளிக்க வேண்டும் என்று இல்லை, குரல் லிந்துலையில் ஐவி வீட்டில் இருக்கிறது என்றார். அவரா அப்படிச் சொன்னார் என்று சுதர்ஷினி வியந்தாள். பரீட்சகர்களில் மூத்தவரான யூஜினா டீச்சர் மறுபேச்சில்லாமல் குடையை எடுத்துக்கொண்டு லிந்துலைக்கு பஸ் ஏறினார். ஒருவர் வகுப்பில் இருந்து அவள் கை போட்ட தாளத்தைப் பார்த்தார். மற்றவர் ஐவி வீட்டில் பிளேன்டியைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டைக் கேட்டார். நடுவில் போனைத் திறந்து வைத்திருந்தார்கள். ஆனால் அன்று வழியெல்லாம் பனிமூட்டம். பாட்டு ஓர் அட்சரம் பிந்திப் போய்ச் சேர்ந்தது. தாளம் சேரவில்லை என்று புள்ளி வெட்டுப்பட்டு, வெறும் 'சி' சித்திதான் கிடைத்தது. பிந்தியது மூட்டம், நான் இல்லையே என்று அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். அந்தப் பாடசாலையில் உயர்தரத்துக்குச் சங்கீதமும் இல்லை, படிப்பு அதோடு நின்றது.

இப்போது அவள் மாயாண்டியின் பலசரக்குக் கடையில் நிற்கிறாள். சுகந்தன் வேறு தடத்துக்குப் போய்விட்டதால் ரொட்டியும் கடிதமும் நின்றுவிட்டன. பாட்டு போய்ச் சேருகிறதா என்று சொல்ல ஆளில்லை. ஆனாலும் மழைக்காலம் தொடங்கியதிலிருந்து, புதன்கிழமை பத்து இருபதுக்கு, "தண்ணி எடுத்துட்டு வாறேங்க" என்று மாயாண்டியிடம் சொல்லிவிட்டு, வாளியோடு கடைக்குப் பின்னால் மலைத் தண்ணீர் விழும் பீலிக்குப் போகிறாள். மேலே போகையில் குரல் கம்மாமல் பார்த்துக்கொண்டு, யாருமில்லாத அந்த இடத்தில் சத்தமே இல்லாமல் இரண்டு பாட்டையும் முழுதாகப் பாடுகிறாள். மூட்டமாக இருந்தால் ஓர் அட்சரம் முந்தித் தொடங்குகிறாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு கடைக்குத் திரும்புகிறாள்.