உருக்கமாக ஒரு வரி

அந்தப் பேனரை ஆள் வைத்துக் கட்டியிருந்தால் பழியில் பாதியையாவது அந்த ஆள் தலையில் கட்டியிருக்கலாம். டயர்காரருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே ஏணி போட்டு ஏறி, கறிக்கடைக்கு நேர் எதிரே இருந்த விளக்குக் கம்பத்தில், பழைய டியூபை நாடாவாகக் கிழித்துத் தன் கையாலேயே இறுக்கிக் கட்டினார். கறி வாங்க வரும் கூட்டம் முழுக்கப் பார்க்கும் இடம். இறங்கி வந்து தள்ளி நின்று பார்த்தார். அவர் முகம் லாரி டயர் அளவுக்கு இருந்தது. மூலையில், சைக்கிள் மணி அளவுக்கு, பள்ளியிலேயே முதலாவதாகத் தேறிய பெண்ணின் முகம். அவளைக் கல்லூரியில் சேர்த்துப் படிக்க வைக்கப்போகும் வள்ளல் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாதல்லவா?

அதுவரைக்கும் போனால் போகிறது என்று விட்டுவிடலாம். பேனர் அடிக்கிறவன், "உருக்கமா ஒரு வரி போடுங்கண்ணே, அப்பதான் நின்னு படிப்பாங்க" என்று தூபம் போட்டிருந்தான். டயர்காரர் பேனாவின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தார். 'ஏழை மாணவி' என்பது சப்பென்று இருந்தது. 'தந்தையால் கைவிடப்பட்ட ஏழை மாணவி' என்று எழுதியதும் அவருக்கே கண் கலங்கிவிட்டது. தான் எழுதியதற்குத் தானே அழுகிற முதல் வாசகர் கிடைத்த பிறகு அதை மாற்ற மனம் வருமா?

பள்ளித் தலைமையாசிரியை அவளைக் கூட்டி வந்தபோது அம்மா மட்டும்தான் உடன் வந்திருந்தாள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்க டயர்காரருக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கறிக்கடையில் வாராவாரம் தனக்கு நெஞ்செலும்பு பார்த்து வெட்டித் தருகிற வெட்டுக்காரர்தான் அவள் அப்பா என்பது, பேனரை எழுதியவரைத் தவிர, அந்தத் தெரு முழுக்கத் தெரிந்த விஷயம்.

"என்னப்பா, பொண்ணைக் கைவிட்டுட்டியாமே? ஊருக்கே எழுதிப் போட்டிருக்கு!" என்று கறி வாங்க வந்தவர் ஒருவர் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

வெட்டுக்காரர் நிமிர்ந்து படித்தார். இரண்டு தடவை படித்தார். பிறகு கத்தியோடு தெருவைக் கடந்து, எட்டின மட்டும் பேனரைக் கிழித்தார். படத்தில் டயர்காரரின் கழுத்துதான் முதலில் போனது.

அசல் கழுத்து அப்போது தன் டயர் கடையில் ஒரு வேன் சக்கரத்தின் மேல் குனிந்திருந்தது. "வாங்க வாங்க" என்றார் டயர்காரர், யார் எதற்கு வருகிறார் என்று தெரியாமல். "பேனரைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

கத்தி பிடிக்காத கையின் முதல் குத்து வாயில் விழுந்தது. முன்பல் ஒன்று வெளியே வந்து டியூப்கள் மேல் விழுந்தது. டயர்காரர் நெம்புகோலைத் தூக்கினார், தூக்கியதோடு சரி. கத்தியின் முதுகு அவர் மணிக்கட்டில் இறங்கியது, நெம்புகோல் தெறித்தது. அடுத்த வீச்சு காற்றுக் குழாயை வெட்டியது. அறுந்த குழாய் சீறிக்கொண்டு பாம்பாகத் துள்ளி இரண்டு பேர் முகத்திலும் மாறி மாறி அறைந்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அன்றைக்கு நியாயம் இரண்டு பக்கத்துக்கும் சமமாகக் கிடைத்தது.

வெட்டுக்காரர் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, பிடரியைப் பிடித்து, பஞ்சர் பார்க்கிற தொட்டிக்குள் டயர்காரரின் தலையை அமுக்கினார்.

"நான் கைவிட்டேனா?" அமுக்கினார். "விடியறதுக்கு முன்னாடி எழுந்து எலும்பு வெட்டறேன், நான் கைவிட்டேனா?" தூக்கினார். பதில் வரும் முன் மறுபடி அமுக்கினார்.

தண்ணீரில் குமிழி குமிழியாக வந்தது. ஆயுசு முழுக்க அந்தத் தொட்டியில் ஓட்டை தேடிய மனிதர், ஓட்டை தன் வாயில்தான் என்று கண்டுகொண்டார். அதற்கு மேல் நினைக்க மூச்சு இல்லை. கண் இருட்டியது.

டயர்காரரின் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்து போட்ட கூச்சலில்தான் பிடி தளர்ந்தது.

"நாளைக்கு என் பொண்ணு காலேஜுக்கு வர மாட்டா" என்றார் வெட்டுக்காரர், மூச்சிரைக்க. "இனிமே அவ பேரைச் சொன்னே, சொல்றதுக்கு வாய் இருக்காது."

கல்லூரியில் சேர நாளைதான் கடைசி நாள். அது இரண்டு பேருக்குமே தெரியும்.

ஆஸ்பத்திரியில் உதட்டுக்குத் தையல் போட்டார்கள். "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று டாக்டரைக் கேட்டார் டயர்காரர். "வாயைத் திறங்க" என்றார் டாக்டர். மனைவியைக் கேட்டார். "பேசாதீங்க, ரத்தம் வருது" என்றாள். "நல்லதுதானேடி நினைச்சேன்?" என்றார். "ராத்திரிக்குக் கஞ்சி போதுமா?" என்றாள். இருபது வருஷத்துக் குடித்தனத்தில் எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னால் சண்டை வராது என்று அவளுக்கு அத்துபடி.

அப்போது தண்ணி லாரி ஓட்டும் மச்சான் வந்து சேர்ந்தான். கையில் வீல் ஸ்பானர், பின்னால் இரண்டு ஆள்.

"எவன் மாமா அவன்? கறி வெட்டற கையா? இனிமே அந்தக் கையில அவன் சோறு கூட அள்ளக் கூடாது."

வேண்டாம்டா என்று ஒரு வார்த்தை போதும். வாயில் அதற்குள் பஞ்சு அடைத்திருந்தார்கள், சரி. தலையை ஆட்டியிருக்கலாம், தலையில் தையல் ஒன்றும் போடவில்லை. ஆனால் உள்ளே எங்கேயோ ஒரு மூலையில், தொட்டித் தண்ணீர் இன்னும் காதை விட்டு இறங்காத இடத்தில், அவருக்கு இனித்தது. சும்மா இருந்தார். மச்சான் போய்விட்டான்.

"அந்தக் கை போச்சுன்னா அந்த வீட்டுல என்னத்தை வச்சு அடுப்பெரிப்பாங்க?" என்றாள் மனைவி, தூக்கை மூடிக்கொண்டே. "படிக்க வைக்கறேன்னு கிளம்பினவரு, பட்டினி போடப் போறீங்களா?"

டயர்காரர் எழுந்து ஓடினார். இரண்டு கால் செருப்பும் வேறு வேறு ஆளுடையது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

கறிக்கடையில் இரண்டு பேர் வெட்டுக்காரரை முட்டி போட வைத்துப் பிடித்திருந்தார்கள். வலது கை வெட்டுக்கட்டை மேல் விரித்து அழுத்தப்பட்டிருந்தது. டயர்காரர் வாசலை எட்டுவதற்குள் ஸ்பானர் ஒரு தரம் இறங்கிவிட்டது. அந்தக் கட்டையில் அன்று காலையிலிருந்து கேட்ட அதே சத்தம்தான். ஆனால் இந்தத் தடவை பின்னாலேயே ஓர் அலறல் வந்தது. இரண்டு விரல் வேறு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஸ்பானர் மறுபடி ஓங்கியது. டயர்காரர் கட்டை மேல் குப்புற விழுந்தார். அடி அவர் தோளில் இறங்கி, காறை எலும்பு நொறுங்கியது.

"மாமா! நீங்க எதுக்கு குறுக்க வரீங்க?" என்றான் மச்சான், ஏதோ பந்தியில் இடித்துவிட்டவன் மாதிரி.

அதற்குப் பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. அலறல் கேட்டு ஓடி வந்த வெட்டுக்காரரின் பெண் தராசிலிருந்த இரும்பு எடைக்கல்லை எடுத்து அவன் முகத்தில் அடித்தாள். புருவம் பிளந்தது. அவன் விழுந்த பிறகும் அடித்தாள். பள்ளியிலேயே முதலாவதாக வந்த பெண் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள் போலிருக்கிறது. பிடித்து நிறுத்த மூன்று பேர் தேவைப்பட்டது. பிடியை உதறிக்கொண்டு, கட்டையிலிருந்து சரிந்து தரையில் கிடந்த டயர்காரரிடம் வந்தாள். கல் தலைக்கு மேல் உயர்ந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். சத்தத்தை மட்டும் கேட்டார். கல் அவர் காதருகே தரையில் விழுந்து டைல்ஸை உடைத்தது.

எல்லோரையும் ஒரே வேனில் ஏற்றினார்கள். காலையில் டயர்காரர் சக்கரம் மாட்டிக்கொடுக்காமல் விட்ட அதே வேன். யாரோ மாட்டியிருந்தார்கள், ஒரு பக்கம் ஆடியது.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் வந்து விசாரித்தார்.

"கட்டை சரிஞ்சு கை மேல விழுந்துடுச்சு சார்" என்றார் வெட்டுக்காரர். மகளை ஒருதரம் பார்த்துக்கொண்டார்.

"ஏணியிலேர்ந்து விழுந்துட்டேன்" என்றார் டயர்காரர்.

"நானும்" என்றான் மச்சான், கட்டுக்குள்ளிருந்து.

"ரெண்டு பேரும் ஒரே ஏணியா?"

"பெரிய ஏணி சார்."

போலீஸ்காரர் பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார்.

பெஞ்சில் டயர்காரரும் வெட்டுக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டியதாயிற்று. வேறு இடம் இல்லை. வெட்டுக்காரரின் கை மாவுக்கட்டில் பூசணிக்காய் மாதிரி மடியில் கிடந்தது.

"வலிக்குதா?" என்றார் டயர்காரர்.

வெட்டுக்காரர் சுவரைப் பார்த்தார்.

"நாளைக்கு அவளை அனுப்புவீங்கல்ல? என் மேல இருக்கற கோபத்தை அவ படிப்பு மேல காட்டாதீங்க."

வெட்டுக்காரர் அதே சுவரைப் பார்த்தார்.

மருந்து வாங்கப் போயிருந்த பெண் திரும்பி வந்தாள். கை கழுவியிருந்தாள், நகக்கண்ணில் மட்டும் ரத்தம் மிச்சமிருந்தது. அப்பாவுக்கு மாத்திரையை வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்து, வாயைத் துடைத்துவிட்டாள்.

"அம்மா" என்றார் டயர்காரர். தையல் இழுத்தது. "காலையிலேர்ந்து எல்லாரையும் கேட்டுட்டேன், ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க. நான் பண்ணினது தப்பா? நீ நாளைக்கு வருவியா, மாட்டியா? அடிக்கணும்னாலும் அடி. நேரா ஒரு பதில் சொல்லிடும்மா."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

"தப்புதான் அங்கிள். எங்கப்பாவை ஊரே சிரிக்கற மாதிரி பண்ணீங்க. அப்புறம் ஆள் அனுப்பிக் கையை ஒடச்சீங்க."

"நான் அனுப்பலம்மா."

"தடுக்கலையே."

அவள் அதோடு நிறுத்தவில்லை.

"நாளைக்கு வருவேன். உங்க காசுலதான் படிப்பேன், எங்களுக்கு வேற காசு கிடையாது, இப்ப அப்பா கையும் கிடையாது. நீங்களே காலேஜுல கட்டிடுங்க. எங்க வீட்டுப் பக்கம் மட்டும் வராதீங்க. அப்பா கை சரியாகற வரைக்கும் வராதீங்க. சரியான பிறகும் வராதீங்க."