ஒற்றை வரிக்காரியின் நாள்

எங்கள் மடத்தில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் யாரும் ஸ்பூனைத் தொடக்கூடாது. முதலில் ஒருத்தி எழுந்து நின்று புனிதர் புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்க வேண்டும். வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பக்கம் உண்டு. அந்த நாளில் இறந்து மோட்சம் போனவர்களின் பெயரும், ஆளுக்கு ஒன்றிரண்டு வரியும் அதில் இருக்கும். இன்றைக்கு உரியவர்களை இன்று படிப்பதில்லை, நாளைக்கு உரியவர்களைத்தான் படிப்போம். விருந்தாளி வருகிறார் என்றால் முதல் நாளே வீட்டைப் பெருக்கி வைப்பதில்லையா, அந்த மாதிரி. எந்தப் பக்கமானாலும் கடைசி வரி ஒன்றுதான்: "மற்ற இடங்களிலும் இன்னும் பல மறைசாட்சிகள், துறவிகள், கன்னியர்." எல்லாரும் "இறைவனுக்கு நன்றி" என்போம். அப்புறம்தான் சூப்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்ற பேச்செல்லாம்.

பல வருஷமாக இதைப் படித்தவள் என் அக்கா. கூடப் பிறந்த அக்காதான். அவள் முதலில் மடத்துக்கு வந்தாள், பின்னாலேயே வால் பிடித்துக்கொண்டு நானும் வந்தேன். துறவு வார்த்தைப்பாடு கொடுத்த நாளிலிருந்து நாலு பேர் முன்னால் அவளை "சிஸ்டர்" என்றுதான் கூப்பிடுகிறேன். கதவைச் சாத்தினால் அக்கா. எங்கள் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியையாக இருந்தவள், மைக் இல்லாமலே மைதானத்தை அடக்குவாள். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல் போய், காற்று மட்டும் மிஞ்சியது.

உணவறையை ஒட்டி மேஜைத் துணிகள் வைக்கும் சின்ன அறை ஒன்று உண்டு. கட்டிலை அங்கே போடச் சொன்னாள். படிப்பது காதில் விழ வேண்டும், கதவைத் திறந்தே வைக்க வேண்டும் என்று கண்டிப்பு வேறு. படிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அவளைத் துடைத்து, புரட்டிப் போட்டு, படுக்கைப் புண்ணுக்கு மருந்து வைத்து, ஊசி போடும் வேலையும் என் தலையிலேயே விழுந்தது. சின்ன வயதில் நர்சிங் படித்து வைத்தது தப்பாகப் போயிற்று.

அதிகம் பேருக்குத் தெரியாத புனிதர்கள் என்றால் அக்காவுக்கு உயிர். "பெரிய ஆளுங்களுக்குத் திரும்புற பக்கமெல்லாம் கோயில் இருக்கு. இவங்களுக்கு இருக்குறது ஒரு வரி. செல்லப் பேராவது வெப்போமே" என்று ஆளாளுக்கு ஒரு பேர் வைத்திருந்தாள். பணக்கார அப்பா வீட்டுக்கே பிச்சைக்காரனாகத் திரும்பி வந்து, யாரென்று சொல்லாமல் மாடிப்படிக்கு அடியிலேயே கிடந்து செத்தவர், படிக்காரர். ஆண் வேஷத்தில் துறவியர் மடத்தில் வாழ்ந்து, யாரோ பெற்ற பிள்ளைக்கு அப்பா என்று பழி வந்தபோதும் வாய் திறக்காமல் அந்தப் பிள்ளையை வளர்த்தவள், வேஷக்காரி. பிணத்தைக் குளிப்பாட்டும்போதுதான் அவள் பெண் என்றே தெரிந்ததாம். சாகும்வரை மடத்து வாசலில் கதவு திறந்துவிட்டவர், வாசல்காரர்.

எனக்கு இவர்கள் மேல் அவ்வளவு பிரியம் கிடையாது. அதுவும் இந்தக் கொஞ்ச காலமாகக் கோபமே வருகிறது. கை கால் விளங்காமல் கோயில் வாசலில் கிடந்த ஒருவர் உண்டு, படுக்கைக்காரர். போகிற வருகிறவர்களை வேதம் படிக்கச் சொல்லிக் கேட்பாராம். வலியிலும் பாட்டுப் பாடுவாராம். ரொம்ப நல்லது. அவரைப் புரட்டிப் போட்டது யார்? அம்மாவும் தம்பியும். எங்கள் புத்தகத்தில் அவர்களுக்குப் பேர் கிடையாது, நாள் கிடையாது. பாடினவர் புனிதர், ஈரத்துணியை அலசினவர்கள் யாரோ. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை டப்பென்று மூடினேன். மடத்துத் தலைவியான மதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இனி வைத்தியம் இல்லை என்று டாக்டர் கையை விரித்த மறுநாள் காலையில் அக்கா எல்லாரையும் கூப்பிட்டுச் சொன்னாள். "ஒற்றை வரிக்காரி நாளன்னிக்கு நான் போறேன். அதுக்கு முன்னாடி இல்ல. யாரும் கவலைப்படாதீங்க." ஒற்றை வரிக்காரி என்பவள், மடத்தில் சேர்ந்தபோது அக்கா தனக்கு வைத்துக்கொண்ட பேருக்கு உரிய புனிதை. பழைய கல்லறை ஒன்றில் பேர் மட்டும் கிடைத்த பெண். வேறு ஒன்றுமே தெரியாது. இத்தனை பேர் இருக்கும்போது இவளைப் போய்த் தேர்ந்தெடுத்தாயே என்று கேட்டதற்கு, "இவளை மாதிரி நடக்கறது சுலபம், என்ன பண்ணினாள்னே தெரியாதே" என்றாள்.

மடம் முழுக்க அதை நம்பியது. மதர் தன் பயணத்தைத் தள்ளிப்போட்டார். சமையல் சிஸ்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "அடக்கத்துக்கு வெளியிலேர்ந்து எத்தனை பேர் வருவாங்க, முன்கூட்டியே சொன்னா நல்லாருக்கும்" என்றார். கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை.

அந்த நாளுக்கு இன்னும் ஒரு வாரம் போல இருக்கும்போது அக்காவுக்குத் தண்ணீர்கூட இறங்காமல் போனது. ஊசியின் வேகம் தணிந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். வந்து பார்த்த டாக்டர் வராந்தாவில் நின்று, "எப்படித் தாங்குறாங்கன்னே புரியலை. எதையோ பிடிச்சிட்டு இருக்காங்க" என்றார். எதை என்று எனக்குத் தெரியும். நான் கண்ணோடு கண் மூடிப் பல வாரம் ஆகியிருந்தது. மூச்சு வருகிறதா என்று எழுந்து எழுந்து பார்ப்பேன். சந்தேகம் வந்தால் மருந்து அலமாரியில் இருக்கும் சின்னக் கண்ணாடியை அவள் மூக்குக்குக் கிட்டே பிடிப்பேன். அதில் ஆவி படிந்தால் போய் உட்காருவேன்.

டாக்டர் போன மறுநாள் மதியம் புத்தகத்தைத் திறந்தேன். வாசல்காரரின் பக்கம். அதைப் பார்த்தேன். பிறகு இரண்டு விரலால் ஒரு கொத்துப் பக்கங்களைச் சேர்த்துப் பிடித்துத் திருப்பினேன். காய்ச்சலில் கிடப்பவளுக்குக் கிழமையா தெரியப்போகிறது? நாளைதான் அந்த நாள் என்று அவள் காதில் விழுந்துவிட்டால், பிடித்திருப்பதை விட்டுவிடுவாள். அவளுக்காகச் செய்தாயா, உனக்காகச் செய்தாயா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது. எனக்குத் தூங்க வேண்டும்போல இருந்தது. அவ்வளவுதான்.

படித்தேன். "அதே நாளில், ஒரு கன்னி. கல்லறையில் பெயர் மட்டும் கிடைத்தது." அந்தப் பெயரைச் சத்தமாகவே சொன்னேன்.

மேஜையில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தத் தேதி தெரியும். எல்லாரும் அதற்காகத்தானே காத்திருந்தார்கள். சமையல் சிஸ்டர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மதர் எப்படிப்பட்டவர் என்றால், ஒரு சொல்லை விழுங்கிப் படித்தாலும் ஸ்பூனால் தம்ளரைத் தட்டித் திரும்பப் படிக்கச் சொல்வார். அவர் கை ஸ்பூனுக்குப் போனது. மானம் போகப்போகிறது என்று நின்றேன். ஸ்பூனைத் தொட்டவர், அப்படியே கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கடைசி வரியைப் படித்ததும் முதல் ஆளாக "இறைவனுக்கு நன்றி" என்றார், பக்கத்து அறைக்குக் கேட்கும்படி. மற்றவர்களும் அவரைப் போலவே உரக்கச் சொன்னார்கள். அன்று உப்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

சாப்பிட்டேன் என்று பேர் பண்ணிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அக்கா விழித்திருந்தாள்.

"நாளைக்கா?" என்றாள். காதை அவள் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கும்.

"ஆமாக்கா."

கண்ணை என் பக்கம் திருப்பினாள். "வாசல்காரர் எப்ப வந்துட்டுப் போனார்? எனக்குக் கேக்கவே இல்லையே."

"நீ தூங்கிட்டிருந்தே."

"நான் எங்கடி தூங்கினேன்."

போர்வையின் ஓரத்தைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். அவள் விடவில்லை.

"எத்தனை பக்கம் தாண்டினே?"

அதோடு உடைந்துவிட்டேன். இத்தனை நாளும் அடக்கி வைத்ததெல்லாம் வாய்க்கு வந்தபடி வெளியே வந்தது. "எனக்கு முடியலைக்கா. நெஜமாவே முடியலை. அந்த நாளையே பிடிச்சுட்டு எதுக்குத் தொங்கறே? விட்டுட்டுப் போயேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். மேலே புஸ்ஸு புஸ்ஸென்று காற்றுச் சத்தம் வந்தது. மூச்சு முட்டுகிறதோ என்று பதறி எழுந்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் எங்கடி தொங்கறேன். வந்தா போகமாட்டேனா? வரமாட்டேங்குது."

"பின்ன எதுக்கு அந்தத் தேதியைச் சொன்னே?"

இரண்டு சொல்லுக்கு ஒரு தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "டாக்டர் கைவிட்ட அன்னிக்கு, நான் தூங்கிட்டேன்னு நெனச்சு என் மூக்குக்கிட்ட கண்ணாடி பிடிச்சுப் பார்த்தியே. இப்படியே விட்டா இவ தெனமும் கண்ணாடியும் கையுமா உக்காந்திருப்பான்னு தோணிச்சு. ஒரு தேதி சொல்லிட்டா, அதுவரைக்குமாவது நீ பயமில்லாம தூங்குவேன்னு பார்த்தேன்."

"நான் தூங்கலைக்கா."

"தெரியுமே. பார்த்துட்டுதானே இருந்தேன்."

இரண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர் காவல் இருந்திருக்கிறோம். இவள் எனக்காகத் தூங்குவதுபோல் கிடந்திருக்கிறாள், நான் இவளுக்காக விழித்திருந்திருக்கிறேன். நினைக்கச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அசதிதான் வந்தது.

"போய் அந்தப் புத்தகத்தை எடுத்துட்டு வா," என்றாள். "வாசல்காரரைப் படி. பாவம், அவருக்கு வருஷத்துல ஒரு நாள்தான். அதையும் நீ தாண்டிட்டேன்னா அவர் எங்க போவார்?"

எடுத்து வந்து முக்காலியில் உட்கார்ந்து படித்தேன். கல்யாணமாகி, மனைவியும் பிள்ளைகளும் செத்து, வியாபாரம் நொடித்து, வயது போன பிறகு மடத்துக்கு வந்தவர். அவரை நம்பிக் கொடுத்த ஒரே வேலை வாசல் கதவு. யார் மணி அடித்தாலும் "இதோ வந்துட்டேன் ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டே போய்த் திறப்பாராம். அடித்தவன் பிச்சைக்காரனா, பால்காரனா, பிரபுவா என்று பார்க்கமாட்டாராம். எழுத்தெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறியது. ஒரே வரியை இரண்டு தடவை படித்துக்கொண்டிருந்தேன்.

"போதும்," என்றாள் அக்கா. "தலையை இங்க வெச்சுக் கொஞ்சம் தூங்குடி."

மருந்து நேரம் ஆகிறது, ஊசி போட வேண்டும் என்றெல்லாம் நினைத்துக்கொண்டேதான் மெத்தையின் ஓரத்தில் தலையை வைத்தேன். அவள் கை என் முக்காட்டின் மேல் விழுந்தது. கனமே இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மாலை ஜெபத்துக்கு மணி அடித்தபோது விழித்தேன். கை அங்கேயே இருந்தது, குளிர்ந்திருந்தது. கண்ணாடியைத் தேடவில்லை. எப்போது போனாள் என்று எனக்குத் தெரியாது. மூச்சுக்கு மூச்சு காவல் இருந்தவள், கடைசி மூச்சுக்கு அசந்து தூங்கிவிட்டேன்.

யாராவது இறந்தால் மற்ற மடங்களுக்கெல்லாம் தகவல் எழுதுவது வழக்கம். அதில் கடைசியாகச் சொன்ன வார்த்தை கட்டாயம் இருக்கும். எங்கள் ஆட்கள் யாரும் வெறுமனே சாவதில்லை. இயேசுவின் நாமத்தைச் சொல்வார்கள், அல்லது வானத்தைப் பார்த்துப் புன்னகைப்பார்கள். மதர் பேனாவோடு என் எதிரில் உட்கார்ந்தார். அவர் கண்களும் சிவந்திருந்தன.

"கடைசியா என்ன சொன்னாங்க?"

"கொஞ்சம் தூங்குடின்னாங்க, மதர்."

மதர் பேனாவை மூடினார், மறுபடி திறந்தார். "வேற ஒண்ணும் சொல்லலையா?"

"இல்ல மதர்."

"தூங்கினியா?"

"தூங்கினேன்."

"நல்லாவா?"

"நல்லா தூங்கினேன், மதர்." அதைச் சொல்லும்போதுதான் எனக்கு முதல் தடவையாகக் கண்ணீர் வந்தது. மதர் தலையாட்டிக்கொண்டே, அப்படியே எழுதிக்கொண்டார். மறுநாள் மதியம் தானே படிப்பதாகவும் என்னைப் படுத்துக்கொள்ளும்படியும் சொன்னார்.

காலையில் அடக்கம் முடிந்தது. மதியம் நானே போய் நின்றேன். யாரையும் கேட்காமல் வாசல்காரரை விட்ட இடத்திலிருந்து படித்தேன், பிறகு அன்றைக்கு உரிய பக்கத்தைப் படித்தேன். யாருக்கும் தெரியாத ஆட்கள், ஆளுக்கு ஒரு வரி. கடைசி வரி வந்தது. அதை நான் எப்போதும் சூப் ஆறிவிடும் என்று அவசர அவசரமாக விழுங்கிவிடுவேன். இன்னும் பலர் என்று மொத்தமாக மூட்டை கட்டுகிறார்களே என்று எரிச்சலும் உண்டு. அன்று அந்த மூட்டைக்குள் படுக்கைக்காரரின் அம்மாவும் தம்பியும் இருந்தார்கள். தன் வலியோடு வலியாக, தங்கை தூங்குவாள் என்று ஒரு தேதியைச் சொல்லிவைத்தவளும் இருந்தாள்.

"மற்ற இடங்களிலும்," என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்தேன். பக்கத்து அறைக் கதவு திறந்தே இருந்தது. முடித்ததும் "இறைவனுக்கு நன்றி" என்றார்கள். நான் புத்தகத்தை வைத்துவிட்டு வந்து உட்காரும்வரை ஒருத்தரும் ஸ்பூனைத் தொடவில்லை. சூப் ஆறிப்போயிருந்தது.