ஒழுக வேண்டிய சட்டி

சாயத் தண்ணீரைப் பார்த்து ஏங்குகிற பிறவிகள் உலகத்தில் நானும் என் சிநேகிதி அம்முலுவும் மட்டும்தான் இருப்போம். மானாம்பதியில் அவள் அப்பாவின் பட்டுச் சாயப் பட்டறைத் தண்ணீர் எங்கள் தெருக் கால்வாயில்தான் ஓடும். பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூட இறக்காமல் ஓடுவோம். இன்றைக்கு அரக்கா, மாம்பழ மஞ்சளா, மயில் கழுத்தா? காலை நனைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாள். அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கிறது.

இப்போது பட்டறை அம்முலுவுடையது. நான் காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் பாடம் எடுக்கிறேன். போன மாதம் அழுதுகொண்டே போன் பண்ணினாள். கால்வாய் போய்ச் சேருவது முனியன் மாமா குத்தகைக்குப் பயிர் வைக்கிற கழனியில். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்குள் தண்ணீர் தெளியாவிட்டால் மண்ணைப் போட்டு அடைத்துவிடுவதாகச் சொல்லிவிட்டாராம். அடைத்தால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

இரண்டு பெரிய சட்டிகள் செய்து கொடுத்தேன். பீங்கான் மாதிரி சுட்டால் இறுகுகிற அலுமினாப் பொடியில் அரிசி மாவைக் கலந்து, வார்த்து, கல்லூரி உலையில் சுட்டவை. சுடும்போது மாவு எரிந்துபோய், அது இருந்த இடமெல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையாகிவிடும். சாயம் ஓட்டைகளின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் மட்டும் வெளியே கசியும். அம்முலுவிடம் சொன்னபோது நன்றாகத்தான் தலையாட்டினாள். ஆனால் ஒழுகுகிற சட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற கையா அது!

கெடு முடிகிற அந்த ஞாயிறு சர்ச் முடிந்து பட்டறைக்குப் போனேன். சட்டி நிறையச் சிவப்புத் தண்ணீர். அடியில் ஒரு சொட்டு இல்லை.

"இன்னாடி பண்ணிவெச்ச?"

"புதுச் சட்டி ஒழுவிக்கினே இருந்துதுடி ஷாரோன். அதான் வடிகஞ்சி ஊத்தி வெச்சுப் பழக்கினேன். இப்போ பாரு, கெட்டியா கீது."

புது மண்சட்டிக்கு எங்கள் ஊரில் எல்லாரும் செய்வதுதான். கஞ்சி போய் ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"ஒழுவறதுதாண்டி அதோட வேலையே!"

அவள் முகம் செத்துப்போயிற்று. வெளியே முனியன் மாமா மண்வெட்டியும் கையுமாக நின்றிருந்தார்.

மாவை எரித்தது போலக் கஞ்சியையும் எரித்தால் போகிறது. சாயங்காலம் வரை பொறுக்கச் சொல்லி அவரிடம் கெஞ்சினேன்.

"அதுக்கு மேல ஒரு நிமிசம் நிக்க மாட்டேம்மா."

சட்டிகளைக் காலிசெய்து, அடுப்போரம் காயவைத்து, முற்றத்தில் வறட்டி அடுக்கி நடுவில் வைத்து நெருப்பு மூட்டினோம். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பழைய கதையெல்லாம் பேசினோம். தணல் ஆறும்வரை அவளைத் தொடவிடவில்லை.

பொழுது சாயும்போது சிவப்புத் தண்ணீரை ஊற்றினோம். அம்முலு என் கையை நெரித்தாள். அடியில் கசிந்தது, சொட்டியது, பிறகு தொடர்ந்து விழுந்தது. கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. அம்முலு வாய்விட்டு அழுதாள். எங்கள் கலரெல்லாம் போயிற்றே என்று நான் சட்டிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

முனியன் மாமா குனிந்து அந்தத் தண்ணீரைக் கையில் ஏந்தினார். நெடுநேரம் பார்த்தார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பியவர், எங்கள் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"நீங்கல்லாம் பொறக்கறதுக்கு மின்ன கால்வா இப்டித்தாம்மா இருந்துது. நானு இதுல மீனு புடிப்பேன்."