குப்பைமேனிக்கு வந்த பூனை

கொய்யாக் கன்றின் தாழ்ந்த கிளையில் இரண்டு இலைகளைச் சேர்த்துத் தைத்துத் தையல்சிட்டு கூடு கட்டியிருந்தது. உள்ளே மூன்று குஞ்சுகள். தாய் வந்து போகும் நேரத்தை ஒரு வாரமாக நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

"மனுசங்ககிட்ட பேச நேரமில்ல. குருவிக்கு மட்டும் நாள் பூரா டியூட்டி" என்பாள் என் மனைவி ஜெயஸ்ரீ.

கூட்டுக்குள் இருட்டு. செல்போனில் எடுத்த படமெல்லாம் கறுப்பாகவே விழுந்தது. பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் மற்றவர்கள் போடும் பளிச்சென்ற படங்களைப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது.

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பட்டறையில் எனக்கு வேலை. சூளையிலிருந்து வரும் சாமான்களைத் தட்டிப் பார்த்து, குறையுள்ளதை ஒதுக்க வேண்டும். அப்படி ஒதுக்கிய நாலு வெள்ளைத் தட்டுகள் வீட்டில் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை, கூட்டை மறைத்த இலைகளைக் கத்தரித்தேன். தட்டுகளைச் செங்கல் மேல் சாய்த்து வெயிலைக் கூட்டுக்குள் திருப்பினேன். படம் அருமையாக வந்தது. குழுவில் போட்டுவிட்டு, வந்த பாராட்டுகளைப் படித்தபடி உள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். தட்டுகளை எடுக்கவில்லை. சித்திரை மாத வெயில்.

மூன்று மணிக்குப் போனபோது குஞ்சுகள் வாயைத் திறந்தபடி செத்துக் கிடந்தன. உடம்பில் ஒரு கீறல் இல்லை. அவசரமாகத் தட்டுகளை எடுத்து ஒளித்தேன். குஞ்சுகளைப் புதைத்துவிட்டு, காலிக் கூட்டின் முன் நிற்கும்போது பின்னால் ஜெயஸ்ரீயின் குரல் கேட்டது.

"என்னங்க ஆச்சு?"

"பூனை" என்றேன்.

பக்கத்து வீட்டுப் பூங்கோதையின் பூனை அது. எங்கள் தோட்டத்துக்கு வருவது உண்மைதான். மூலையிலிருக்கும் குப்பைமேனிச் செடியின் வேர் வாசத்துக்கு மயங்கி, அதன் அடியில் முகத்தைத் தேய்த்து, புரண்டுவிட்டுப் போய்விடும். கூட்டின் பக்கம் திரும்பியும் பார்த்ததில்லை. அதையும் நோட்டில் எழுதி வைத்திருந்தேன்.

ஜெயஸ்ரீ சுவரோரம் போய்விட்டாள். "ஏ பூங்கோதை! உங்க பூன எங்க வூட்டுக் குஞ்சுங்கள தின்னுட்டு வந்திருக்குது. வயிறு ரொம்புச்சான்னு கேளு!"

"அது பல்லு போன கெழவி, அக்கா. நான் வெக்கிற தயிர்சோத்தயே பாதி மிச்சம் வெச்சிட்டுப் போவுது."

"அப்ப நாங்க பொய் சொல்றமா?"

பூங்கோதை என்னைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க பாத்தீங்களா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

மறுநாள் காலை அவள் கணவர் தேவநாதன் பூனையைச் சாக்கில் போட்டுக் கொண்டுபோய், வேப்பூரில் ஓர் ஓட்டல் பக்கம் விட்டுவிட்டு வந்தார். அதன் பிறகு தோட்டத்துக்குப் போனால் என் கண் குப்பைமேனியின் பக்கமே போனது. நோட்டைத் திறக்கவில்லை.

நான்காம் நாள் பூங்கோதை சுவரோரம் வந்து நின்றாள்.

"அந்தக் குருவியே கதின்னு இருந்தீங்க அண்ணே. எங்க பூனையால போச்சு. மனசுல வெச்சிக்காதீங்க."

அவள் திரும்பி நடந்தாள்.

"பூனை இல்லம்மா" என்றேன். "நான்தான்."

தட்டு, வெயில், படம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. உள்ளே போய்க் கணவரை அழைத்து வந்தாள்.

"இவர்கிட்டயும் சொல்லுங்க."

மறுபடி முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை ஜெயஸ்ரீயும் வந்து கேட்டுக்கொண்டு நின்றாள்.

தேவநாதன் வண்டியை எடுத்தார். "ஏறுங்க."

வேப்பூர் ஓட்டலில் வண்டியை நிறுத்தினார். ஓட்டலின் பின்புறம் லாரிகள் வரிசையாக நின்றன. "இங்கதான் விட்டேன்" என்றார்.

"பூனை பேரு என்னங்க?" என்றேன்.

"தெனம் உங்க தோட்டத்துலதான கெடந்துச்சு, பேரு கூடத் தெரியாதா? முத்தம்மா. நீங்கதான வெரட்ட வெச்சீங்க, நீங்களே கூப்புடுங்க."

கூப்பிட்டேன். எனக்கே கேட்கவில்லை.

"இன்னும் சத்தமா."

"முத்தம்மா!"

டீ குடித்துக்கொண்டிருந்த டிரைவர்கள் திரும்பினார்கள். "யாருண்ணே, சம்சாரமா? கோச்சிக்கிட்டு லாரி ஏறிடுச்சா?" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

தேவநாதன் சிரிக்கவில்லை. நான் முழங்காலிட்டு முதல் லாரியின் அடியில் பார்த்தேன். எண்ணெய்க் கறையும் ஒரு கிழிந்த சாக்கும்தான் கிடந்தன. எழுந்து, அவர்கள் பார்க்கப் பார்க்க, அடுத்த லாரியிடம் போய் மறுபடி கூப்பிட்டேன்.