தலைமையாசிரியை கேட்ட ஆதாரம்

தலைமையாசிரியை மருத்துவரின் கடிதத்தை முதல் இரண்டு வரிக்கு மேல் படிக்கவில்லை. படிக்காததை மறைக்கவும் இல்லை. மடித்து மேசையோரம் வைத்து, அது பறந்துவிடாதபடி தன் தேநீர்க் கோப்பையை அதன்மேல் தூக்கி வைத்தார். கோப்பையின் அடி ஈரமாக இருந்தது. மகளுக்காக வந்து எதிரே உட்கார்ந்திருந்த அம்மா அந்த ஈரம் காகிதத்தில் பரவுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரீட்சை நெருங்கினா போதும், இந்த மாதிரி லெட்டர் வரிசையா வரும். டாக்டருங்க கை சும்மாவே இருக்காது," என்றார் தலைமையாசிரியை.

பக்கத்தில் நின்ற வகுப்பாசிரியர் சிரித்தார். "நாப்பத்தோரு நாள் லீவு மேடம். வந்த நாள்லயும் பாதி நேரம் பாத்ரூம்தான். பேர் கூப்பிட்டா பதில் இல்ல. நாங்க என்ன கால்ல விழுந்தா கூப்பிட முடியும்?"

"தனி ரூம்ல பரீட்சை எழுதட்டும். விட்டுப்போன நாளுக்கு மன்னிப்பு குடுங்க. நான் கேக்கறது அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா!" என்றார் வகுப்பாசிரியர். "என் பொண்ணுக்கும்தான் பயம் இருந்துச்சு. ரெண்டு அதட்டு அதட்டினேன், சரியாப் போச்சு. நீங்க தலையில தூக்கி வச்சிக்கிட்டு ஆடறீங்க."

"உங்க பொண்ணப் பத்திப் பேச நான் லீவு போட்டுட்டு வரல சார்."

மின்விசிறி மட்டும் சுற்றியது. அம்மாவுக்கு இந்த மௌனம் பழக்கமானதுதான். காப்பீட்டு நிறுவனத்தில், இழப்பீட்டுப் பிரிவில், பத்தொன்பது வருடமாக மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவள் அவள். கணவனைப் பறிகொடுத்தவள், கடை எரிந்துபோனவன், எல்லாரும் அவள் முன்னால் இப்படித்தான் வாயடைத்து உட்கார்ந்திருப்பார்கள். கதை எல்லாம் சரி, இன்னொரு பேப்பர் வேண்டும் என்பாள். அலுவலகத்தில் அவளுக்குப் பட்டப்பெயரே 'இன்னொரு பேப்பர்'தான். எதிர்ப்பக்க நாற்காலி இவ்வளவு தாழ்வாக இருக்கும் என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

"சரி, வெளியதானே உக்காந்திருக்கா? உள்ள கூப்பிடுங்க. அவ வாயாலயே சொல்லட்டும்," என்றார் தலைமையாசிரியை.

"அவளால முடியாது. முடிஞ்சா நான் ஏன் வர்றேன்?"

"அப்ப ஆதாரம் குடுங்கம்மா. நாளைக்கு மேலிடத்துல கேட்டா நான் என்னத்தக் காட்டறது?"

அம்மா அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தாள். ஆதாரம் இல்லாமல் யாரும் எதையும் நம்பமாட்டார்கள் என்பது அவளுக்குச் சோறு போட்ட பாடம். கைப்பையிலிருந்து போனை எடுத்து மேசை நடுவில் வைத்து ஒரு ஒலிப்பதிவை ஓடவிட்டாள்.

முதலில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம். அதற்கு அடியில் ஒரு மூச்சு, மூழ்கிக்கொண்டிருப்பவள் இழுப்பது போல, இழுத்து, பாதியில் அறுந்து, மறுபடி இழுத்து. பிறகு மகள் எண்ணும் குரல். ஒண்ணு, ரெண்டு, மூணு. ஏழைத் தாண்ட முடியவில்லை. மறுபடி ஒண்ணு. கதவு தட்டும் சத்தம். "தட்டாதம்மா, தட்டாத, தட்டாத..."

வகுப்பாசிரியர் தரையைப் பார்த்தார். தலைமையாசிரியை கோப்பையை மெல்லக் கடிதத்தின்மேலிருந்து நகர்த்தினார். அம்மாவுக்கு உள்ளே ஒரு கொடூரமான குளிர்ச்சி பரவியது. ஒலியை இன்னும் கூட்டினாள்.

"போதும், நிறுத்துங்க."

"இன்னும் இருக்கு. முழுசாக் கேளுங்க."

வகுப்பாசிரியரின் முகம் எங்கே திரும்புகிறது என்று பார்த்தபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். அந்த அறைக்குச் சுவர் இல்லை, பலகைத் தடுப்புதான். அதுவும் கூரையை எட்டவில்லை. ஒரு முழம் இடைவெளியில் தாழ்வாரத்து வெளிச்சம் உள்ளே விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் பெஞ்சு. பெஞ்சில் மகள். அம்மாவின் விரல் போனைத் தேடி இரண்டுமுறை தவறி, மூன்றாவது முறை அணைத்தது.

தலைமையாசிரியை ஒரு படிவத்தில் மளமளவென்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். "தனி ரூம். லீவெல்லாம் நான் பாத்துக்கறேன். பொண்ணுகிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிக் குடுங்க."

மகள் ஓடிப்போயிருக்கவில்லை. பெஞ்சில் நேராக உட்கார்ந்திருந்தாள். படிவத்தை வாங்கி, முழங்கால்மேல் வைத்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"போன்."

"உனக்காகத்தான்டி..."

"போன் குடும்மா."

கொடுத்தாள். மகளின் கட்டைவிரல் மேலிருந்து கீழே மெதுவாக நகர்ந்தது. பதினோரு ஒலிப்பதிவுகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தேதி, நேரம், இடம் என்று அம்மா தலைப்புப் போட்டிருந்தாள். 'பாத்ரூம், காலை'. 'பள்ளி வாசல்'. 'மாடிப்படி, இரண்டாம் முறை'.

"கதவுக்கு வெளியே நின்னது இதுக்கா?" என்றாள் மகள். அழவில்லை. "ஃபைல் போட்டிருக்க."

அம்மா கையிலிருந்த படிவத்தை இரண்டாக மடித்தாள்.

மணி அடித்தது. வகுப்புகள் திறந்து, பைகளும் கூச்சலும் தோள்களுமாகத் தாழ்வாரம் நிரம்பியது. அம்மா பதறி அவளை மறைத்து நிற்கப் போனாள். மகள் கையால் அவளை விலக்கினாள். அத்தனை முழங்கைகள் உரசிக்கொண்டு போகிற அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டு, முதலாவதிலிருந்து கேட்கத் தொடங்கினாள்.