பிறகு போட்டுக்கலாம்

புத்தம் புது வண்டியின் விலாவில் அப்பா டிரில்லரை வைத்து அழுத்தியதும் கீழ்வீட்டுத் தையற்காரர் தன் மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு ஓடி வந்தார்.

"சார், என்ன சார் பண்றீங்க? வண்டி வந்து ரெண்டு வாரம்தானே ஆகுது."

"ஜன்னல் வைக்கப்போறேன்."

"ஜன்னல் வச்சதே விக்கிறானே சார்."

"அது நடு மாடல். இது கீழ் மாடல்."

தையற்காரர் அத்தோடு உள்ளே போயிருக்கலாம். "ரெண்டுக்கும் அப்படி என்ன சார் வித்தியாசம்?" என்று கேட்டுவிட்டார். மாடி ஜன்னலில் நின்றிருந்த மகளுக்கு அந்த நிலைமையிலும் அவரை நினைத்துப் பாவமாக இருந்தது. இந்தக் கேள்வியைக் கேட்டவர் யாரும் அப்பாவிடமிருந்து லேசில் தப்பியதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர் கேட்டுவிட்டுக் கை காய்ந்துபோய் உட்கார்ந்திருந்ததை அவளே பார்த்திருக்கிறாள்.

அப்பா பதில் சொல்லவில்லை. டிரில்லரை எடுத்து இரண்டாவது மூலையில் வைத்தார்.

காலையில் வந்த நர்ஸ் சொன்னது அவர் காதில் ஏறியிருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அம்மாவின் நாடி பார்த்துவிட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே நர்ஸ், "இன்னைக்குத் தாண்டினா பெரிய விஷயம், பக்கத்துலயே இருங்க" என்று சொல்லியிருந்தார். அதற்கு அப்பா, "அப்ப சாயங்காலத்துக்குள்ள வெட்டிடறேன்" என்றார். நர்ஸ் விழித்தார். வண்டிக் கதை தெரியாதவர் வேறென்ன செய்வார்.

அம்மா முப்பது வருடம் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் வேலை பார்த்தவள். நான்கு பக்கமும் ஈயத் தகடு பதித்த சுவர். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. மழை பெய்ததா வெயில் அடித்ததா என்பதை உள்ளே வருகிறவர்களின் தலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள். மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, விடுங்க. வருகிறவர்களுக்கெல்லாம் இதே மூன்று வார்த்தை. வீட்டில் யாராவது கோபமாகக் கத்தினாலும் அதையே சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு வேன் வாங்கி, உள்ளே கட்டிலும் அடுப்பும் போட்டுக்கொண்டு, சாலை போகிற பக்கமெல்லாம் போவது என்பது இரண்டு பேருடைய திட்டம். அம்மாவின் நிபந்தனை ஒன்றே ஒன்று. "தலைமாட்டுல எனக்கு ஒரு ஜன்னல் வேணும். மத்ததெல்லாம் உங்க ஆராய்ச்சி."

ஆராய்ச்சி என்பது அப்பாவுக்கு அவள் வைத்த பெயர். ஒரு டார்ச் லைட் வாங்க ஒரு மாதம் கடை கடையாக ஏறி இறங்கியவர். வேன் என்றால் கேட்க வேண்டுமா. கீழ் மாடலில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வெறும் தகரப் பெட்டிதான். நடு மாடலில் பக்கத்துக்கு ஜன்னல், பின்சீட்டு, சுவருக்குத் துணி. மேல் மாடலில் இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றையும் இரண்டு வருடம் அரைத்து அரைத்து அப்பா ஒரு சட்டம் கண்டுபிடித்தார்.

"எதைப் பிறகு போட முடியாதோ அதை மட்டும் கம்பெனியில வாங்கணும். உயரக் கூரை பிறகு போட முடியாது. அது வேணும். சீட்டு, நாம பிடுங்கி எறியப்போறது. ஜன்னல், அவன் வச்ச இடத்துல நமக்கு எதுக்கு? நம்ம தலை எங்க வருதோ அங்க நாம வெட்டிக்கலாம். அதெல்லாம் பிறகு போட்டுக்கலாம்."

அந்த வார்த்தை வீட்டிலேயே தங்கிவிட்டது. சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால், "பிறகு போட்டுக்கலாம்" என்பாள் அம்மா. மகளுக்கு வந்த வரன் தட்டிப்போனபோதும் அதைத்தான் சொன்னாள்.

ஷோரூமுக்கு மகளும் போயிருந்தாள். முற்றத்தில் வெள்ளை நிறத்தில் ஒரு நடு மாடல் நின்றது. கூரையும் உயரம்தான். அம்மா அதில் ஏறி உட்கார்ந்து ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்து முகத்தை வெளியே நீட்டினாள். சரியென்று சொன்னால் வெள்ளிக்கிழமையே ஓட்டிக்கொண்டு போகலாம் என்றார் விற்பனையாளர். கீழ் மாடலை உயரக் கூரையோடு யாரும் கேட்பதில்லை, ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும், எட்டு மாதம் ஆகும்.

"எட்டு மாசம்தானே," என்றார் அப்பா.

அம்மா இறங்கி வந்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆராய்ச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஐந்தாவது மாதம் அம்மாவுக்கு இருமல் வந்தது. எக்ஸ்ரே படத்தை டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் அம்மாவே விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்தாள். பழகிய கண். நெடுநேரம் பார்க்கவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து, "வண்டி எப்ப வருதாம்?" என்று அப்பாவைக் கேட்டாள்.

அந்த எட்டு மாதத்துக்காக மகள் அப்பாவை மன்னிக்கவில்லை. வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அவர் டேப்பும் கையுமாக வண்டிக்குள் ஏறும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வண்டி வந்த இரண்டு வாரமாக அளந்தார், அளந்ததை மறுபடி அளந்தார். கட்டில் பலகை அடித்து மெத்தையும் போட்டாயிற்று. கண்ணாடியும் ரப்பரும் தயாராக இருந்தன. தகட்டில் கை வைக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. வெட்டினால் வெட்டியதுதான் என்பார்.

ஒருநாள் அம்மா படுத்திருக்கையில் மெத்தையிலிருந்து அவள் கண் எவ்வளவு உயரம் என்று டேப்பைப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன, சவப்பெட்டிக்கு அளவா?" என்றாள் அம்மா. சிரிக்கப்போய் இருமலாகி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

"ஜன்னலுக்கு. தலையணையோட அளக்கணும். தலையணை இல்லாம அளந்தா உயரம் தப்பாயிடும்."

கீழே சின்ன ரம்ப மெஷின் ஓட ஆரம்பித்தது. தகட்டை அறுக்கிற சத்தம் பல்லைக் கூச வைத்தது. மகள் கட்டிலுக்குத் திரும்பி வந்தாள். அம்மா கண்ணைத் திறந்திருந்தாள். முகம் இரண்டு நாளில் பாதியாகியிருந்தது.

"வெட்டுறாரா?"

"வெட்டுறாரும்மா."

"அப்பாடா," என்றாள் அம்மா.

கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றை மகள் கட்டிலருகே போட்டு வைத்திருந்தாள். வாழ்நாளெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஊரையே மேலும் கீழும் ஏற்றி இறக்கிய அப்பா குடியிருந்தது லிஃப்ட் இல்லாத வீட்டு மாடியில். நாற்காலியோடு ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அம்மாவை இறக்கிவிடலாம். வண்டிக்குள் படுக்க வைத்துவிட்டால் போதும். வண்டி எங்கேயும் போக வேண்டாம். ஒரு தடவை, தலைமாட்டில், அவ்வளவுதான். காலையிலிருந்து மகள் யாரிடமோ அதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மெஷின் நின்றது.

"முடிஞ்சிடுச்சா?"

மகள் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். "பிளேடு மாத்துறாரு. கீழ்ப்பக்கமும் ஒரு ஓரமும் முடிஞ்சிருக்கு. அப்பாவைக் கொஞ்ச நேரம் மேல வரச் சொல்லட்டுமா?"

அம்மாவின் விரல்கள் அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தன. "கூப்பிடாத. நடுவுல கூப்பிட்டா கோணலா வெட்டிடுவாரு. அப்புறம் ஆயுசுக்கும் அதையே பேசிட்டிருப்பாரு."

"சரிம்மா."

"தலைமாட்டுலதானே?"

"தலைமாட்டுலதான்."

மெஷின் மறுபடி ஓடியது. அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள். மற்றவர்களுக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும் சத்தம். அவள் நெற்றிச் சுருக்கம் தளர்ந்துவிட்டது. மூச்சு விட்டுவிட்டு வந்தது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மகள் தன் மூச்சையும் பிடித்துக்கொண்டாள். அம்மா இழுத்தாள். கொஞ்சம் பிடித்தாள். விட்டாள். அடுத்தது வரும் என்று மகள் காத்திருந்தாள். கீழே மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. மகள் காத்திருந்தாள். மணிக்கட்டிலிருந்த விரல்கள் தாமாகவே கழன்றன.

எழுந்து ஜன்னலுக்குப் போனாள். அப்பா கடைசி ஓரத்தில் இருந்தார். காதில் பஞ்சு. வலது கையில் மெஷின். அறுந்த தகடு உள்ளே சரியாமல் இடது உள்ளங்கையால் பிடித்துக்கொண்டிருந்தார். இப்போது கூப்பிட்டால் திரும்புவார், கை போய்விடும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அது பொய்யான காரணம் இல்லை. ஆனால் அதற்காக மட்டும் அவள் சும்மா நிற்கவில்லை. கீழே நின்றவரைப் பொறுத்தவரை அம்மா இன்னும் மேலே படுத்து ஜன்னலுக்காகக் காத்திருக்கிறாள். இன்னும் ஒரு முழம் தகடு பாக்கி இருந்தது. அந்த ஒரு முழம் முடிகிறவரை அவள் இருக்கட்டும்.

மெஷின் நின்றது. அப்பா தகட்டை வெளியே எடுத்து, தூசியை ஊதி, இரண்டு கையாலும் மாடியை நோக்கித் தூக்கிப் பிடித்தார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை அவள் பார்த்து மாதக்கணக்காகிறது.

"அம்மாகிட்ட சொல்லு பாப்பா. துளிகூடக் கோணல் இல்ல."

அவள் தலையை ஆட்டினாள்.

"ஓரம் கத்தி மாதிரி இருக்கு. அவ கை வச்சா கிழிச்சிடும். அரத்தால தேய்ச்சிட்டு நான் மேல வரேன். நான் வந்ததும் நீ கீழ இறங்கிப் பாரு."

அது அந்த வீட்டில் மூன்று மாதமாக நடந்துவரும் முறை. அம்மாவைத் தனியாக விடுவதில்லை. ஒருவர் மேலே ஏறிய பிறகுதான் அடுத்தவர் கீழே இறங்குவது. லிஃப்டில் பெட்டி ஒரு பக்கம், அதற்கு எடை சரிக்கட்டும் பாரக்கட்டை மறுபக்கம், ஒன்று ஏறாமல் இன்னொன்று இறங்கக் கூடாது என்று அப்பா போட்ட சட்டம். கடைக்கு, குளியலுக்கு, தூக்கத்துக்குக்கூட இரண்டு பேரும் அதை மீறியதில்லை.

அம்மாவின் கண்ணை மூடிவிட்டாள். போர்வையைச் சரிசெய்தாள். நாற்காலியைச் சுவரோரம் நகர்த்தி வைத்தாள். பிறகு படியிறங்கினாள்.

அப்பா வண்டிக்குள் மெத்தையின்மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, மண்டியிட்டு, வெட்டிய ஓரத்தை அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார். செருப்புச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினார். வெட்டிய சதுரத்துக்கு வெளியே மகள் நின்றிருந்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். பிறகு மாடி ஜன்னலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

"மேல..." என்று ஆரம்பித்தார்.

அப்பா அரத்தைப் பார்த்தார். அதைப் புதிதாக யாரோ கையில் கொடுத்ததுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விட்ட இடத்திலிருந்து மறுபடி தேய்க்கத் தொடங்கினார். கீழ் ஓரம், பக்கவாட்டு ஓரம், மேல் ஓரம். அவசரமில்லாமல் தேய்த்தார். அவள் நகராமல் நின்றாள். தையற்காரர் வாசலுக்கு வந்து இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் உள்ளே போனார். அவருடைய மெஷின் அதற்குப் பிறகு ஓடவில்லை.

தேய்த்து முடித்ததும் அப்பா வெறும் உள்ளங்கையால் ஓரம் முழுக்கத் தடவிப் பார்த்தார். ஒரு மூலையில் கை நின்றது. அங்கே மட்டும் இன்னும் கொஞ்சம் தேய்த்தார். மறுபடி தடவினார். இந்த முறை கை எங்கேயும் நிற்கவில்லை. இரும்புத் தூள் சிந்தாமல் பிளாஸ்டிக் விரிப்பை நாலாக மடித்து முன்சீட்டுக்கு அடியில் வைத்தார்.

பிறகு மெத்தையில், ஜன்னல் பக்கமாக, அம்மாவின் இடத்தில் படுத்தார்.

வெளியே நின்றவளுக்கு அவர் தெரியவில்லை. தகட்டின் விளிம்புக்குக் கீழே போய்விட்டார்.

"ஒண்ணும் தெரியல," என்றது உள்ளேயிருந்து அவர் குரல். "வானம்தான் தெரியுது. உயரம் பத்தல."

அத்தனை மாதம் அவர்மேல் வைத்திருந்த கோபத்தை மகள் தனக்குள் தேடிப் பார்த்தாள். கைக்கு அகப்படவில்லை.

"தலையணை எடுத்துட்டு வரட்டுமாப்பா?"

"வேணாம்," என்றார் அப்பா. "அவ தலைக்கு இருக்கட்டும்."

கையை மடித்துத் தலைக்கு அடியில் கொடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. வெட்டிய இடத்தின் கீழ் விளிம்பில் அவர் நெற்றி தெரிந்தது, பிறகு கண்கள் தெரிந்தன.