அளவு நோட்டு

எனக்கு வாய் நீளம். வடகரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் எட்டு வருஷமாக எடைச்சீட்டு எழுதுகிறேன். மூட்டை இறக்குகிறவர்கள், டெம்போக்காரர்கள், காய் கொண்டுவரும் சம்சாரிகள் அத்தனை பேர் சத்தத்துக்கு நடுவில் ஒருத்தி எண்களைச் சரியாக எழுத வேண்டுமென்றால் குரல் உயர்ந்துதான் ஆக வேண்டும். கத்தரிக்காய் மூட்டையில் அரைக் கிலோ குறைந்தாலும் பிடித்துவிடுவேன். அனுசியா எழுதின சீட்டு தப்பாது என்று முதலாளி வெளியாட்களிடம் சொல்வார். அதில் எனக்கும் பெருமை இருந்தது. இப்போது இல்லை.

வைகாசிக் கடைசியில் மாமாவைப் பூச்சி கடித்தது. பாம்பு என்று எங்கள் பக்கம் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாமா என்றால் என் வீட்டுக்காரரின் அப்பா, குற்றாலிங்கம். வரப்பில் புல் அறுக்கும்போது கண்ணாடி விரியன் புறங்கையில் போட்டுவிட்டது. தென்காசியில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விஷமுறிவு ஊசி போட்டு உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் மூன்றாம் நாள் மூத்திரம் நின்றுபோனது. கழுத்தில் ஒரு குழாயைச் செருகி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள்.

அத்தை முருகம்மாள் இறந்து நாலு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் முத்துச்செல்வம் ராணுவத்தில், ராஜஸ்தானில் இருக்கிறார். லீவு கேட்டுக் காத்துக்கொண்டிருந்தார். வேறு பிள்ளை கிடையாது. கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார என்னை விட்டால் ஆள் இல்லை.

கிட்னி டாக்டர் ஸ்ரீமதி என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு விளக்கினார்.

"இவருக்குக் கிட்னி செத்துப்போகலம்மா. அடிபட்டு மயங்கிக் கிடக்கு, அவ்வளவுதான். முழிச்சதும் டயாலிசிஸை நிறுத்திரணும். தேவைக்கு மேல ஒரு தடவைகூடச் செய்யக் கூடாது. பிரஷர் இறங்கும். கழுத்துக் குழாய் கிடக்கக் கிடக்கக் கிருமி ஏறும்."

"முழிச்சிட்டுன்னு எப்படித் தெரியும் டாக்டர்?"

"ரத்தத்துல உப்பு குறைஞ்சா மெஷின் குறைச்சதா, கிட்னி குறைச்சதான்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம். மூத்திரம் எவ்வளவு போகுதுன்னுதான் முதல்ல பாப்போம். ஒவ்வொரு தடவையும் அளந்து எழுதுங்க. ஒரு நாளைக்கு அரை லிட்டரைத் தாண்டட்டும், நிறுத்திப் பாத்துரலாம்."

சரியான ஆளிடம்தான் சொன்னார். உடனே கீழே போய் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி நாள், நேரம், அளவு என்று கோடு போட்டேன். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் கேன் ஒன்றைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். எதற்காக அளக்கிறோம் என்று மாமாவிடம் நான் சொல்லவில்லை. தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். வராந்தாவில் பேசினது உள்ளே படுத்திருக்கிறவருக்கு எப்படிக் கேட்கும்? அது எனக்கு உறைக்கவில்லை.

முதலில் நாற்பது மில்லி. அப்புறம் அறுபது. பத்தாம் நாள் காலையில் ஒரே தடவையில் நூறைத் தொடும்போல் இருந்தது. மாமாவின் கை நடுங்கியதில் கேன் சரிந்து பெட்ஷீட், என் சேலை, தரை எல்லாம் நனைந்துவிட்டது. மூன்று நாளாக நான் சரியாகத் தூங்கவில்லை. அதையெல்லாம் இப்போது சாக்காகச் சொல்ல வரவில்லை.

"சின்னப்பிள்ளையா நீங்க? ஒரு கேனைப் பிடிக்கத் துப்பு இல்லையா? மூத்திரம் அள்ளத்தான் என்னைக் கட்டிட்டு வந்தீயளா?" என்று கத்தினேன்.

மார்க்கெட்டில் கத்துகிற அதே குரல். பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டோடு இருந்த புளியறை ஓட்டல்காரர் யாசர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நர்ஸ் உமாராணி வாசலிலேயே நின்றுவிட்டாள். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து, கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, தரையைத் துடைக்கப் பார்த்தார். நான் துண்டை வெடுக்கென்று பிடுங்கினேன்.

அதற்குப் பிறகு மாமா என்னிடம் கேனைக் கேட்டதே இல்லை. காலையும் மாலையும் வார்டு வேலைக்கு வரும் ஆள் பிடித்துக் கொடுப்பார், நான் அளந்து எழுதுவேன். ஒரு நாள் மொத்தம் இருநூற்றைம்பது, முந்நூறு, முந்நூற்று இருபது. அதற்கு மேல் ஏறவில்லை. "மாமா, வருதா?" என்று நடுவில் கேட்டால், "வரல தாயி, வந்தா சொல்லுதேன்" என்பார். அப்பாடா, ஒரு வேலை குறைந்தது என்றுதான் நினைத்தேன். பாவி நான்.

டயாலிசிஸ் நடந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். பாதியில் கெண்டைக்கால் சுண்டி இழுக்கும், பிரஷர் இறங்கும், உடம்பு சில்லிட்டுப்போகும். வாழ்நாளில் ஒரு தலைவலிக்குக்கூடப் படுக்காத மனுஷன், இயந்திரத்தை விட்டுத் திரும்பி வரும்போது துவைத்துப் பிழிந்த வேட்டி மாதிரி இருப்பார்.

"இன்னும் எத்தனை தாயி?" என்று ஒரு நாள் கேட்டார்.

"எனக்கென்ன தெரியும்? டாக்டரைக் கேளுங்க."

"இல்ல, சாரல் விழுந்துட்டுங்காவ. இந்தக் குழாயை எடுத்தாத்தானே தலைக்குத் தண்ணி ஊத்த விடுவாவ. பழைய குத்தாலத்துல ஒரு குளி குளிச்சா எல்லாம் சரியாப் போயிரும்."

"குளிக்கத்தான் இப்ப கேடு" என்றேன்.

டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இந்நேரம் கூடியிருக்கணுமே. எல்லாத்தையும் அளக்குறீங்களாம்மா?"

"ஒரு சொட்டு விடமாட்டேன் டாக்டர்."

அந்தப் பதிலை எவ்வளவு மிதப்பாகச் சொன்னேன் என்று நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. டாக்டர் என்னை நம்பினார். இன்னும் இரண்டு டயாலிசிஸ் எழுதினார். அது முடிந்ததும் மறுபடி இரண்டு.

பத்தொன்பதாம் நாள் காலையில் நான் டீ வாங்கிக்கொண்டு வந்தபோது யாசர் ஊன்றுகோலோடு பாத்ரூம் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, அண்ணாச்சிக்கு இப்ப நல்லாப் போவுது போல!" என்று சிரித்தார். "நீ டீ வாங்கப் படியிறங்குனதும் கதவைச் சாத்திக்கிடுதாவ. நீ மருந்து வாங்கப் போனா ஒரு தடவ, சாப்பிடப் போனா ஒரு தடவ. நான் ஒத்தக் காலை வச்சுக்கிட்டு வெளியில தவம் கிடக்கேன்."

"எத்தனை நாளா?"

"ஒரு வாரத்துக்கு மேல இருக்கும். ஏன், உனக்குத் தெரியாதா?"

டீ கையில் கொட்டியது. சுட்டதுகூடத் தெரியவில்லை. பாத்ரூம் கதவு திறந்தது. மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் கையும் களவுமாகப் பிடிபட்டவர் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏன் மாமா? ஏன் மாமா இப்படிச் செஞ்சீய?"

"உனக்கு எதுக்குத் தாயி அந்த வேலை. படிச்ச பிள்ள. என் மூத்திரத்தை நீ தூக்கிட்டு அலையணுமா?"

"அதை அளந்தாத்தான் டயாலிசிஸை நிறுத்துவாவ மாமா!"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்படியா? நான் ஆஸ்பத்திரி வழக்கம்னுல்லா நினைச்சேன். ஊசி இத்தனைன்னு கணக்கு இருக்க மாதிரி இதுக்கும் ஒரு கணக்கு இருக்கும்னு இருந்துட்டேன்" என்றார். அதற்குப் பிறகு சமாதானம் சொல்வது போல, "போகட்டும், அழாத" என்றார். அப்போதுதான் நான் அழுகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

ஓடிப்போய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் திட்டினதையும் மறைக்கவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "நான் அவரையே கேட்டிருக்கணும்" என்றார். அன்றைய டயாலிசிஸை நிறுத்தச் சொன்னார்.

அன்றிலிருந்து கேனை நான்தான் பிடித்தேன். முதல் தடவை மாமா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு மார்க்கெட் கதை ஏதோ சொன்னேன். ஒரு முழு நாளில் ஆயிரத்து நானூறு. மறுநாள் ஆயிரத்து அறுநூற்றைம்பது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டயாலிசிஸ் இல்லாமலேயே உப்பு தானாக இறங்கியிருந்தது.

"கிட்னி நல்லா முழிச்சிருச்சு. நாளைக்குக் காலையில குழாயை எடுத்துரலாம்" என்றார் டாக்டர்.

மாமாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. யாசர் தன் கட்டிலிலிருந்து கையை உயர்த்தி, "அண்ணாச்சி, இனி பாத்ரூம் எனக்குத்தான்" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வைத்துப் பழைய குற்றாலம் போவது என்று முடிவு செய்தோம். நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது, சும்மா தண்ணீரில் நிற்க வேண்டும் என்று நான் கண்டிஷன் போட்டேன். "சரி தாயி, சரி தாயி" என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குக் குளிர் ஆரம்பித்தது. சாரல் காற்று என்று ஜன்னலைச் சாத்தினேன். அரை மணி நேரத்தில் கட்டிலே ஆடுகிற மாதிரி உதறல். கழுத்துக் குழாயைச் சுற்றிச் சிவந்திருந்தது. உடனே குழாயை எடுத்துவிட்டு ஐசியூவுக்குக் கொண்டுபோனார்கள். ரத்தத்தில் கிருமி என்றார்கள்.

"அந்தக் குழாய் வழியாவா டாக்டர்?"

"ஆமாம்மா."

"போன வாரமே எடுத்திருக்கலாமா?"

டாக்டர் ஸ்ரீமதி என் கையைப் பிடித்தார். "இப்ப அதை யோசிக்காதீங்க" என்றார். இல்லை என்று சொல்லவில்லை.

ஐசியூவில் மூத்திரப் பை கட்டியிருந்தார்கள். உமாராணி பையைப் பார்த்து எண்ணைச் சொல்வாள், நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுவேன். யாரும் கேட்கவில்லை. ஆனாலும் எழுதினேன். ஆயிரத்து நூறு. கடைசி நாள் அறுநூறு. பிரஷர் விழுந்துகொண்டே போனது. முத்துச்செல்வம் பையும் பூட்ஸுமாக வந்து சேர்ந்தபோது மாமாவுக்கு நினைவு இல்லை. மத்தியானம் மூன்று மணிக்குப் போய்விட்டார்.

நீர்மாலைக்குக் குற்றாலத்திலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்தத் தண்ணீரில் குளிப்பாட்டித்தான் மாமாவை அனுப்பினோம். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம், "பூச்சி கடிச்சுக் கிட்னி போயிட்டாமே" என்று கேட்டார்கள். முத்துச்செல்வமும் ஆமாம் ஆமாம் என்றார். நான் பேசாமல் இருந்தேன். எட்டு வருஷத்தில் நான் இவ்வளவு பேசாமல் இருந்ததில்லை.

சுடுகாட்டில் காடாத்து முடிந்த மறுநாள் முத்துச்செல்வம் ஆஸ்பத்திரிப் பையைப் பிரித்தார். பல் செட்டு, கண்ணாடி, துண்டு, நோட்டு. நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். ராணுவத்துக்காரர், எதையும் வரிசையாகத்தான் பார்ப்பார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"ஏ அனுசியா, இங்கன பாரு. ஒரு வாரமா முந்நூறு, முந்நூத்தி இருபதுன்னு இருக்கு. மறுநாளே ஆயிரத்து நானூறு. இது எப்படி ஒரே நாள்ல?"

மருந்து வேலை செய்தது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்.

"முந்நூறு பொய்யிங்க. அப்பா எனக்குத் தெரியாம பாத்ரூம் போயிருக்காவ. கிட்னி ஒரு வாரத்துக்கு முன்னாலேயே சரியாயிட்டு. இது தெரியாம டயாலிசிஸ் செஞ்சிக்கிட்டே இருந்திருக்கோம், குழாயும் கழுத்துலயே கிடந்திருக்கு."

"ஏன் உனக்குத் தெரியாமப் போனாவ?"

"ஒரு நாள் கேனைக் கொட்டிட்டாவ. நான் எல்லாரும் கேக்கத் திட்டிட்டேன்."

நோட்டை மூடாமல் மடியிலேயே வைத்திருந்தார். என்னை அடித்திருக்கலாம், ஏசியிருக்கலாம், வீட்டை விட்டுப் போ என்றிருக்கலாம். எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"நீ திட்டுனப்ப அப்பா என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல" என்றேன். "துண்டை எடுத்துத் தரையத் துடைக்கக் குனிஞ்சாவ."

அந்தத் துண்டு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. அவர் அதை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார்.